ஒண்ணு விட்டு ஒண்ணு

ஜே போல்ட் என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு? ஃபைலோடு மல்லுக்கட்டுகிற ஆபீஸ் ஜாதிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குடைக் கைப்பிடி மாதிரி ஒரு முனை வளைந்திருக்கும். மறுமுனையில் மரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓட்டை போட்டு, கீழே இருக்கிற இரும்பு ஆங்கிளைக் கவ்வுகிற மாதிரி இதை மாட்டி, மேலே தார் வாஷர் வைத்து நட்டைத் திருகுவார்கள். ஒரு கொட்டகையின் கூரை அதன் இடத்திலேயே இருப்பது இந்தச் சின்னக் கம்பியின் தயவில்தான்.

1993ல் அந்தக் கம்பியில் நூற்றி இருபதை மிச்சம் பிடித்த கணக்குப் புலி அடியேன்.

எங்கள் தோட்டம் புதுச்சத்திரம் பக்கம். சேலம் - நாமக்கல் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே நடக்கவேண்டும். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. 1997 ஜனவரியில்தான் ஆனது. அதுவரை நாங்களும் சேலம் ஜில்லாக்காரர்கள் என்று பீற்றிக்கொண்டிருந்தோம். நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. தண்ணீர் இருக்கிற வருஷம் குச்சிக்கிழங்கு, இல்லாத வருஷம் சோளம். எருமை ஒன்று, பசு ஒன்று, வெள்ளாடு எட்டு. கிழக்கே பார்த்தால் கொல்லிமலை.

எங்கள் பக்கத்தில் கையில் நாலு காசு சேர்ந்தால் அது போவதற்கு மூன்றே வழிதான். ஒன்று லாரி. திருச்செங்கோட்டில் சம்பந்தம் இருந்தால் போர் போடுகிற ரிக் வண்டி. இரண்டுக்கும் தைரியம் இல்லாதவர்களுக்குக் கோழி. எங்கப்பா மூன்றாவது ரகம். 1982ல் முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஆரம்பித்து, பண்ணைக்காரர்களே கூடி முட்டைக்கு விலை சொல்ல ஆரம்பித்ததிலிருந்தே அவருக்கு அந்த ஆசை. பத்து வருஷம் யோசித்துவிட்டு, கடைசியில் ஆயிரம் கோழிக்கு ஒரு கொட்டகை போடலாம் என்று துணிந்தார். ஆயிரம் கோழி என்பது எங்கள் ஊர்க் கணக்கில் பண்ணையே இல்லை. லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்கள் எங்களைப் பார்த்தால் 'வீட்டுக்கு முட்டை பத்துதுங்களா?' என்று விசாரிப்பார்கள்.

நான் அப்போது சேலத்தில் ஒரு ஆபீஸில் கிளார்க். வீட்டில் முதல் பட்டதாரி. லோன் பேப்பரில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த உரிமையில் லீவு போட்டுவிட்டு, வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து வேலையை 'மேற்பார்வை' பார்த்தேன். எண்பதடி நீளக் கொட்டகை. மேஸ்திரி ஒரு கோடியிலிருந்து இருபதடி ஷீட் போட்டு முடித்திருந்தார். நான் போல்ட்டுகளை எண்ணினேன். விலையைப் பெருக்கினேன். மூளை வேலை செய்தது.

"மேஸ்திரி, எதுக்கு இத்தனை போல்ட்டு? ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டாப் போதாதா? ஷீட்டோட கனமே அதைப் பிடிச்சுக்குமே!"

மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு மேலிருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"போட்டுரலாமுங்க தம்பி... காத்து ஒத்துக்கோணுமுங்களே."

அப்பா கிணற்று மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். மேஸ்திரி அவரைப் பார்த்தார். அப்பா ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. "அவன் படிச்சவன். கணக்குத் தெரிஞ்சவன். அவன் சொல்றாப்பலயே செஞ்சுருங்க."

மிச்சம் ஐநூறு ரூபாய்கூட இருக்காது. அதில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி ரிப்பேர் செய்து கொடுத்ததாக ஞாபகம்.

1995 மே மாதம், கத்திரி வெயில், ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ் முடித்து, தவணையில் வாங்கிய என் சுசுகியில் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வண்டிக்கு வயது மூன்று மாதம். சீட்டின் மேலிருந்த பாலிதீன் கவரைக்கூட இன்னும் கழற்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கு வியர்க்காது தெரியுமோ? வியர்வைச் சுரப்பியே கிடையாது. சூடு தாங்கவில்லையென்றால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடம்பை ஆற்றிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆயிரம் கோழியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அம்மா சாக்குகளை நனைத்துக் கம்பி வலையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். எருமை கட்டுத்தறியில் சேற்றைக் கிளறிக்கொண்டு படுத்திருந்தது. நான் பனியனோடு திண்ணையில் சரிந்தேன்.

நாலு மணி இருக்கும். மேற்கே, சங்ககிரி பக்கமாக, மேகம் ஏறியது. கோடை மழை வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன். மேலே கன்னங்கரேலென்று இருந்தது. அதற்குக் கீழே, தரையை ஒட்டி, செம்புக் குடத்தைத் துலக்கி வைத்த மாதிரி ஒரு நிறம். அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் காற்று நின்றது.

குறைந்தது என்று சொல்லவில்லை. நின்றது. வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. கொட்டகையில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், ஆயிரம் கோழி ஒரே சமயத்தில் முணுமுணுக்கிற சத்தம். பழகிவிட்டால் காதில் விழாது. அது நின்றபோதுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரிந்தது. எருமை படுத்திருந்தது எழுந்து நின்று, அசை போடுவதை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்தது.

உள்ளேயிருந்து அப்பத்தா குரல் கொடுத்தாள். அவளுக்கு அப்போது எண்பது வயசு. கண் சரியாகத் தெரியாது. "டேய்... மாட்டை அவுத்து வுடுங்கடா!"

அப்பா ஓடினார். எருமையின் கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் அரிவாளால் அறுத்தார். பசுவை அவிழ்த்துத் தட்டி விரட்டினார். ஆட்டுப் பட்டியின் படலைப் பிடுங்கி எறிந்தார். புயல் வந்தால் ஆடு மாட்டைக் கட்டி வைக்கத்தானே வேண்டும், இந்த மனுஷன் என்ன அவிழ்த்து விடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டபோது சொன்னார்: "அவுத்து வுட்டா அதும்பாட்டுக்கு எடம் பாத்துக்கும். கட்டிப்போட்டா நாமதான பாக்கோணும்? நம்மையே நம்மால பாக்க முடியல."

அதெல்லாம் சரி, அந்த நேரத்தில் இந்தப் பட்டதாரி என்ன செய்துகொண்டிருந்தான் என்கிறீர்களா? சுசுகியைத் திண்ணையில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றி, சைடு லாக் போட்டு, அது போதாதென்று அப்பா வீசியெறிந்த ஆட்டுக் கயிற்றை எடுத்துத் தூணோடு கட்டிக்கொண்டிருந்தான். கண் தெரியாத அப்பத்தாவுக்கு இது மட்டும் எப்படித் தெரிந்ததோ! சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்: "எம்மவன் எருமையை அவுத்தான், பேரன் வண்டியைக் கட்டுனான்."

முதலில் சத்தம்தான் வந்தது. லோடு ஏற்றிய நூறு லாரி ஒரே கியரில் மேடு ஏறினால் எப்படி இருக்கும்? நாமக்கல்காரனுக்கு வேறு உவமை வராது, மன்னிக்கவும். பிறகு புழுதி. அது வரவில்லை, விழுந்தது. ஒரு சுவர் அப்படியே சாய்கிற மாதிரி. எதிரே இருந்த கிணறு காணோம், வேப்ப மரம் காணோம். அப்பா மட்டும் அதற்குள்ளிருந்து வந்தார்.

எங்கள் வீடு ஓட்டு வீடு. ஓடுகள் பல்லாங்குழி ஆடின. நெல் மூட்டை அடுக்கியிருந்த மூலையில் நாலு பேரும் ஒடுங்கினோம். நான் ஜன்னலோரம். புழுதி ஒரு கணம் விலகியபோது கொட்டகை தெரிந்தது.

ஒரு ஷீட் மூச்சு விட்டது. அப்படித்தான் சொல்லவேண்டும். லேசாக மேலே எழும்பி, உட்கார்ந்து, மறுபடி எழும்பியது. பக்கத்து ஷீட்டும் அதே மாதிரி. அப்புறம் யாரோ சீட்டுக்கட்டைக் கலைத்து விசிறியது போல வரிசையாகக் கிளம்பிவிட்டன. அத்தனை கனமான ஷீட் காகிதம் மாதிரி பல்டி அடித்துப் போவதைப் பார்த்தால்தான் நம்ப முடியும். 'ஷீட்டோட கனமே அதைப் பிடிச்சுக்கும்' என்று சொன்னவனின் கண் முன்னாலேயே போயின.

அப்பா "கோழி!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். அம்மா பாய்ந்து வேட்டியைப் பிடித்தாள். வேட்டி கையோடு வந்துவிட்டது. அப்பா பட்டாபட்டி டிராயரோடு நிலைப்படியில் நின்றார். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். அந்த ஒரு விநாடித் தடுமாற்றத்தில் அரை ஷீட் ஒன்று வந்து வாசலில் இறங்கி நாலாக உடைந்தது. வேட்டி கொஞ்சம் இறுக்கமாகக் கட்டியிருந்தால் நான் இன்றைக்கு வேறு மாதிரிக் கட்டுரை எழுதியிருப்பேன்.

பிறகு ஆலங்கட்டி. பிறகு மழை. மொத்தமும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் என்று கடிகாரம் சொன்னது. ஐந்தரை மணிக்கு வெயில் வந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி, வெட்கமில்லாமல், பளீரென்று.

வெளியே வந்தோம். கட்டுத்தறியில், எருமை கட்டியிருந்த முளைக்குச்சிக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு ஷீட் துண்டு சேற்றில் பாதி புதைந்து செங்குத்தாக நின்றது. அப்பா அதை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. எருமை ஓடையில் பள்ளமான இடத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. பசுவுக்கு முதுகில் ஒரு கிழிசல். ஆடுகள் வரப்போரமாக ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஏழு. எட்டாவது கிணற்றில் மிதந்தது. அவிழ்த்து விட்டதால் எல்லாம் பிழைத்தன என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். அது நடக்கவில்லை.

கோழிக் கொட்டகைப் பக்கம் நான் கடைசியாகத்தான் போனேன். கூண்டு வரிசைகள் சாய்ந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக் கிடந்தன. ஷீட் விழுந்து நசுங்கியவை, நனைந்து விறைத்தவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டியவை. கூண்டு திறந்துகொண்டதால் தப்பித்த கோழிகள் குச்சிக்கிழங்குக் காட்டில் இறகு ஒட்டிப்போய், வேறு ஏதோ பிராணி மாதிரி நடந்துகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து கூண்டைத் தவிர வேறெதுவும் பார்க்காதவை. மண்ணில் எப்படி நடப்பது என்றே அவைகளுக்குத் தெரியவில்லை.

அப்பா நடந்துகொண்டே போய் ஒரு இடத்தில் நின்றார். கொட்டகையின் மறுகோடி. அந்த இருபதடிக் கூரை மட்டும் அப்படியே இருந்தது. ஒரு ஷீட் போகவில்லை. அதற்குக் கீழே இருநூற்றைம்பது கோழி, நனைந்தும் நனையாமலும் முணுமுணுத்துக்கொண்டு உயிரோடு இருந்தன. அப்பா அண்ணாந்து பார்த்தார். ஷீட் போன இடங்களில் ஆங்கிளில் ஒன்றிரண்டு போல்ட்டுகள் மட்டும் கொக்கி நிமிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. அதையும் பார்த்தார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. "ஒரு சாக்கு கொண்டா" என்றார்.

செத்த கோழியைக் கோடைக் காலத்தில் வைத்திருக்க முடியாது. ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தாக வேண்டும். பெட்ரோமாக்ஸ் வைத்துக் குழி தோண்டினோம். வரப்புத் தகராறில் எங்களோடு நாலு வருஷமாகப் பேசாத பக்கத்துத் தோட்டத்துக்காரர், தன் வீட்டு ஓடு போனதைக்கூட அப்படியே விட்டுவிட்டு, கடப்பாரையோடு வந்து குழியில் இறங்கினார். அன்றைக்கும் எங்களோடு பேசவில்லை. தோண்டிவிட்டுப் போனார்.

குழியை மூடப்போகிற நேரத்தில் டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒரு ஆள். மெயின் ரோட்டில் ஏதோ ஒரு புரோட்டாக் கடைக்குச் சப்ளையாம். "அண்ணே, நனைஞ்ச கோழி எல்லாத்தையும் மொத்தமா ஒரு ரேட்டுப் போட்டு எடுத்துக்கறனுங்க." அப்பா பதில் சொல்லாமல் மண்வெட்டியைத் தூக்கினார். வண்டி ஸ்டார்ட் ஆன வேகம் என் சுசுகிக்குக்கூட வராது. அன்றிலிருந்து ரோட்டோரக் கடையில் நான் வெறும் புரோட்டாவும் சட்னியும்தான்.

கணக்கெடுத்ததில் செத்தது முன்னூற்றிப் பன்னிரண்டு. மீண்டது அறுநூற்றி ஐம்பத்தொன்று. மீதி முப்பத்தேழு கோழி எங்கே போயின என்று இன்று வரை தெரியாது. ஆனால் அந்த வாரம் எங்கள் ஊரில் பல வீட்டில் சாந்து அரைக்கிற சத்தம் கேட்டது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவரிடம் ஒருவர், பொங்கலுக்கே கறியாகிவிட்ட ஆட்டைச் 'சூறாவளியில் பலி' என்று எழுதிக் கொடுத்தார்.

பிழைத்த கோழிகளும் முட்டையை நிறுத்திவிட்டன. பயந்தால் அப்படித்தான். இட்ட ஒன்றிரண்டும் ஓடே இல்லாமல் தோலோடு வந்தன, கையில் எடுத்தால் கொழகொழவென்று. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டதற்கு, சுத்தமான தண்ணீர் கொடுங்கள், தீவனத்தை மாற்றாதீர்கள், முக்கியமாகத் தொந்தரவு செய்யாதீர்கள், தானாகச் சரியாகும் என்றார்கள். அப்பா கொட்டகைக்குள் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் நடந்தார். வீட்டில் எங்களோடும் அப்படித்தான் நடந்துகொண்டார் என்று எனக்குப் பட்டது.

ஜூனில் புதிதாகக் கூரை போட்டோம். அதே மேஸ்திரி. அவரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா என்னிடம் ஒரு ஸ்பேனரையும் போல்ட் நிறைந்த டப்பாவையும் கொடுத்து, "மேல ஏறு" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் அந்த வெயிலில் சுடுகிற ஷீட்டின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகத் திருகினேன். ஒன்றுகூட விடவில்லை.

அன்றைக்கு அடித்தது என்ன காற்று? ஊரில் 'பேய்க் காத்து' என்றார்கள். மறு வருஷம், 1996ல் 'ட்விஸ்டர்' என்ற இங்கிலீஷ் படம் வந்தது. அதில் ஒரு பசு அப்படியே காற்றில் பறந்து போகும். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு வந்ததும் அதே டொர்னாடோதான் என்று ஆபீஸில் எல்லோரிடமும் கொஞ்ச நாள் கதை அளந்துகொண்டிருந்தேன்.

ரொம்ப வருஷம் கழித்து ஃபுஜிடா என்ற ஜப்பானிய விஞ்ஞானியைப் பற்றிப் படித்தேன். டொர்னாடோவின் பலத்துக்கு 1971ல் அளவுகோல் வகுத்தவர் அவர்தான். 1945ல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த பிறகு அங்கே சேதத்தைப் பார்வையிடப் போயிருக்கிறார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழேயிருந்து நாலாபக்கமும் மரங்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைக் கவனித்தார். அமெரிக்கா போய், 1974ல் டொர்னாடோ அடித்த இடங்களை விமானத்திலிருந்து பார்த்தபோது, சில காடுகளில் மரங்கள் அதே நட்சத்திர வடிவில் கிடந்தன. சுழல்காற்று என்றால் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சுழித்துக் கிடக்கவேண்டும். இது சுழலவில்லை; மேலேயிருந்து குண்டு மாதிரி இறங்கித் தரையில் மோதி, பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். மறு வருஷம் நியூயார்க்கில் தரையிறங்கப்போன ஒரு விமானம் நொறுங்கி விழுந்ததற்கும் இந்த மாதிரிக் காற்றுதான் காரணம் என்றார்.

படித்த அன்றே அந்த நாளின் தோட்டத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். கிணற்றடித் தென்னை கிழக்கே விழுந்திருந்தது. முருங்கை வடகிழக்கே. பட்டியோர வேம்பு தென்கிழக்கே. விசிறி! எல்லாவற்றுக்கும் மையம் எங்கோ மேற்கே, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் சோளக்காட்டில். ஆக, எங்களுக்கு வந்தது டொர்னாடோ இல்லை. நாள் முழுக்கக் காய்ந்த பூமிக்கு மேலே ஏறிய இடிமேகத்திலிருந்து மழையும் ஆலங்கட்டியும் குளிர வைத்த காற்று, கனம் தாங்காமல் மொத்தமாகக் கீழே கொட்டியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மோகனூர், பரமத்தி வேலூர் ஆற்றோரத்தில் குலை தள்ளிய வாழையை ஒரே மாலையில் படுக்க வைக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த இனம்தான்.

கூரை ஏன் போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது. காற்று கூரையை அமுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறு. மேலே வேகமாகப் போகிற காற்று ஷீட்டை உறிஞ்சுகிறது. கோழிக் கொட்டகையோ காற்றோட்டத்துக்காகப் பக்கமெல்லாம் வெறும் வலை. அது வழியாக உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்து தள்ளுகிறது. ஷீட்டின் கனம் எந்த மூலைக்கு? பிடித்து வைத்திருப்பது போல்ட் மட்டும்தான். ஒன்று பிடுங்கினால் அதன் பாரமும் அடுத்ததன் தலையில். ஆபீஸில் ஒருவன் லீவு போட்டால் அவன் ஃபைலெல்லாம் பக்கத்து மேஜைக்கு வருமே, அதே கதைதான். ஒன்று விட்டு ஒன்று போட்டால் பாதிப் பாதுகாப்பு மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

இதையெல்லாம் ஊருக்குப் போய் அப்பாவிடம் விளக்கலாம் என்று பலமுறை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. விளக்க ஆரம்பித்தால் போல்ட்டில் போய்த்தானே நிற்கவேண்டும்? அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோழிக் கொட்டகையை 2008ல் மூடிவிட்டோம். அதில் இப்போது ஆடுதான் கட்டுகிறோம்.

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு வங்கம் ஜல்பாய்குரியில் சுழல்காற்று அடித்தது. அது நிஜமான டொர்னாடோ. மறுநாள் ஊரில் அப்பாவோடு உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எண்பத்து மூன்று. தகரக் கூரைகள் கசங்கி வயலில் கிடப்பதை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒரு கிழவர் தன் வீடு இருந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பசு.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த ஊர்ல கூரைக்குத் தகரமா போடறாங்க?"

"ஆமாப்பா. தகரம்தான் போல."

"போல்ட்டு போடுவாங்கல்ல?"

"போடுவாங்கப்பா."

"எல்லாத்துலயுமா..." அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்ல, ஒண்ணு விட்டு ஒண்ணா?"

சமையலறையில் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. இருபத்தொன்பது வருஷம் கழித்து! நான் என்ன சொல்வது என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். பட்டாபட்டி டிராயரோடு நிலைப்படியில் நின்ற அதே மனுஷன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.